பெல்ட்டை அறுத்தது யார்?

"அறுந்து போகலடி. எவனோ அறுத்திருக்கான்!"

கார் பானெட்டைத் திறந்துபோட்டுக் கத்தினான் லியோ பிரகாஷ். கையில் இன்ஜின் பெல்ட் செத்த சாரைப்பாம்பாய்த் தொங்கியது. கத்தியால் நறுக்கிய சுத்தமான வெட்டு.

பிள்ளைக்கு மொட்டை போட வேளாங்கண்ணிக்குக் கிளம்ப வேண்டிய காலை அது. பைகளைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள் மனைவி மரிய சுகந்தி.

"பஸ்ல போயிடலாங்க..."

"நேத்துலேர்ந்து இதே பாட்டு! என் வேலை மேல அவ்ளோ எளக்காரமா உனக்கு?"

போன வாரம், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை அவனே மாற்றியிருந்தான். சேதராப்பட்டு கம்பெனியில் பேக்கிங் செக்ஷன் வேலை. மெக்கானிக்குக்குத் தண்டம் அழுவானேன் என்று போனில் வீடியோ பார்த்தே மாட்டிவிட்டான். அன்றிலிருந்து வண்டியைக் கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும் கிறீச் சத்தம், கூடவே ரப்பர் தீய்கிற வாடை. "புதுசுல்ல, போகப் போகச் சரியாயிடும்" என்று சுகந்தியின் வாயை அடைத்திருந்தான்.

இப்போது கையிலிருந்த ஸ்பேனரை விட்டெறிந்தான். சுகந்தி பிள்ளையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சந்தேகப்பட ஒரே ஆள்தான். எதிர்வீட்டு சிவப்பிரகாசம். தன் கரும்பு டிராக்டர் திரும்ப இந்தக் கார் இடைஞ்சல் என்று போன மாதம்தான் இருவருக்கும் வாய்ச்சண்டை. "வழிய அடைச்சா சும்மா இருக்க மாட்டேன்" என்று ஊரறியச் சொன்னவர்.

பால் ஊற்ற வந்த செங்கமலம் வேறு தன் பங்குக்குக் கொளுத்திப் போட்டாள். "கருக்கல்ல அவரு உன் வண்டிகிட்ட நின்னுட்டிருந்தாருப்பா. கையில கத்தி இருந்துது. எனக்கு எதுக்கு ஊர் வம்பு!"

போதாதா?

"யோவ், வெளிய வாய்யா!"

சிவப்பிரகாசம் டீ கிளாசோடு வந்தார்.

"என் பெல்ட்ட அறுத்தது நீதான?"

அவர் பார்வை லியோவைத் தாண்டி அவன் வீட்டு ஜன்னல் வரை போய்த் திரும்பியது.

"ஆமா. நான்தான். இன்னா பண்ணப் போற?"

மறுப்பார், நாலு அறை விடலாம் என்று வந்தவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"போலீசுக்குப் போறேன் பாரு."

"தாராளமா போ."

அதற்கு முன்னால் மூலக்குளம் கடைக்குப் போய்ப் புது பெல்ட் வாங்கி வந்தான். மாட்டி ஸ்டார்ட் பண்ணினான். அதே கிறீச். புத்தம்புது பெல்ட் கண்ணெதிரே ஓரமாக நகர்ந்து, விளிம்பில் நார் நாராகக் கிளம்பியது.

முதன்முறையாகச் சந்தேகம் தன் மேலேயே வந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, பெல்ட் சுற்றி ஓடும் சக்கரங்களான புல்லிகளின் மேல் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தான். ஸ்கேல் பதியவே இல்லை. ஆல்டர்னேட்டர் புல்லி மட்டும் அரை விரல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. முன்னால் போட வேண்டிய புஷ் வளையத்தைப் பின்னால் போட்டிருக்கிறான் மகானுபாவன்.

கடலூர் தாண்டிப் போகிற வேகத்தில் பெல்ட் தெறித்து, அதே பெல்ட்டில் ஓடும் பவர் ஸ்டீயரிங் இறுகி, பின்னாலேயே லாரி வந்திருந்தால்? சுகந்தி மடியில் பிள்ளை இருந்திருக்குமே!

அப்படியானால் அந்த மனுஷன்...? ஓடிப்போய் சிவப்பிரகாசத்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சிடுங்கண்ணா. புல்லி கோணலா இருக்கறத பாத்துட்டுதான அறுத்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"புல்லியா? அதெல்லாம் எனக்கு இன்னாப்பா தெரியும்? நான் அறுக்கவே இல்ல."

"அப்ப ஏண்ணா ஒத்துக்கினீங்க?"

தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உன் தப்ப நீயே கண்டுக்கின. அதனால சொல்றேன். அறுத்தது உன் பொண்டாட்டி. 'புள்ளைக்கு எதுனா ஆயிடும்ணா, சொன்னா அவரு கேக்க மாட்டாரு'ன்னு அழுதுச்சு. நான்தான் கத்திய வாங்கிக்கினு வூட்டுக்கு அனுப்பினேன்."

"அதுக்கு... நீங்க ஏன் பழிய ஏத்துக்கினீங்க?"

"என் மேல நீ கை வெச்சா நான் திருப்பி வெப்பேன்பா. அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?"