பிறந்தபோது இருந்த எஞ்சின்

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழைய கார்களின் பந்தயத்துக்கு முன்னால் நடக்கும் பரிசோதனை வரிசையில் நின்றபடி, தன்னைக் கயிறு கட்டி இழுத்து வந்த ஜீப்பைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தது. பந்தயத்துக்கு மட்டுமே பதிவான கார் என்பதால், சாலையில் தானாக ஓட அதற்கு அனுமதியில்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

"ஆமை மாதிரி வந்து சேர்ந்தே! என் வம்சம் என்னன்னு உனக்கு எங்கே தெரியப்போகுது?"

ஜீப் சற்றுப் பின்வாங்கிக் கயிற்றைத் தளர்த்தியது.

கார்களின் எண்களைச் சரிபார்க்கும் டார்ச் லைட் வந்தது. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்ததும் அதன் முகம் மாறியது.

"வயசு சரி, உடம்பும் சரி. ஆனா இந்தப் பிரிவுல ஓடணும்னா பிறந்தப்போ இருந்த எஞ்சினே இருக்கணும். உங்களுக்கு மாத்தியிருக்காங்க."

"பொய்! என் எஞ்சின் எங்கே போகும்?" என்று கார் எகிறியது.

"என்கிட்ட இருக்கு," என்றது ஜீப். "உனக்குப் புதுசு வாங்கினப்போ, முதலாளி பழசை எனக்குப் போட்டுட்டார். அஞ்சு வருசமா அதுதான் உன்னை இழுக்குது."

"இப்பவே திருப்பிக் கொடு!"

"தாராளமா எடுத்துக்கோ. அப்புறம் உன்னை யார் வீட்டுக்கு இழுத்துட்டுப் போறது?"

டார்ச் லைட் அடுத்த காருக்குப் போய்விட்டது. கயிறு மறுபடி இறுகியது.

திரும்பும் வழியில், மேடு ஏறும்போது மட்டும் கார் படபடத்தது.

"ரொம்ப முறுக்காதே. அது என் எஞ்சின்."