வெட்டிய காசு

"தோட்டத்துல காயப்போட்ட மிளகு மொத்தமும் களவு போயிருச்சும்மா. புகாரை எழுதிக்க!" நந்தகுமார் கெஞ்சினார்.

கொல்லிமலைக் காவல் நிலையத்தின் எஸ்.ஐ. பூங்குழலி பேனாவைத் தொடவே இல்லை.

"கோயில்ல காசு வெட்டிப் போடுங்க. எடுத்தவன் நாசமாப் போயிருவான்."

"போலீஸ் பேசுற பேச்சா இது?"

"நீங்க பேசினதுதானுங்க. இங்க இன்ஸ்பெக்டரா இருந்தப்ப, மிளகைப் பறிகொடுத்துட்டு வந்த எங்கப்பாகிட்ட இதே நாற்காலியில உக்காந்து சொன்னீங்க."

நந்தகுமார் அவளை உற்றுப் பார்த்தார். "அர்த்தனாரி மகளா? அதுக்கு இப்பப் பழிவாங்குறியா?"

"நான் எதுக்குங்க? எங்கப்பா நீங்க சொன்ன அன்னைக்கே போய்க் காசு வெட்டிப் போட்டுட்டாரு. திருடன் பேரைச் சொல்லி இல்லீங்க, உங்க பேரைச் சொல்லி."