கான் வரிசை

நடுப்பகல் வெயில் கொளுத்தும் கடற்கரை வீதியின் நடுவே, நீளத்துக்கு, தண்ணீர் பிடிக்கும் வெறும் பிளாஸ்டிக் கான்கள் மூடியோடு வரிசையாக நிற்கின்றன. இந்த ஊரில் கான் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவர் கானை எவரும் அசைத்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் யசிந்தா வரிசையையே மறியலாக்கியிருக்கிறாள். பிரதேச சபை தன் தண்ணீர்ப் பவுசர் வண்டியை நிறுத்திவிட்டு விநியோகத்தைக் கொம்பனிக்குக் கொடுத்துவிட்டது. இனிக் காசுக்குத்தான் தண்ணீர். கொம்பனிப் பவுசர் எதிரே உறுமுகிறது. ஓட்டுகிறவன் மெல்ரொன், போன மாதம்வரை சபையின் சாரதி, இதே ஊரான்.

“எடுங்கோ அக்கா. இல்லாட்டி மேலால ஏத்தச் சொல்லிப்போட்டாங்கள்.”

“ஏத்தடா பாப்பம்!”

ஏற்றுகிறான். காற்றடைத்த கான்கள் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன. அந்தச் சத்தத்துக்கு, வீதியோரம் நின்ற பெண்கள் தலையைப் பொத்திக்கொண்டு குப்புற விழுகிறார்கள்; போர் பழக்கிய உடம்பு. யசிந்தா மட்டும் விழவில்லை. அவள் எறிந்த கல் முன்கண்ணாடியைச் சிதறடிக்கிறது. மெல்ரொனின் நெற்றி பிளந்து இரத்தம் வழிகிறது. ஆனாலும் பவுசரின் சில்லு உருள்கிறது. ஆறாவது கான், ஏழாவது கான். எட்டாவது யசிந்தாவுடையது. அவள் அதை உதைத்துத் தள்ளிவிட்டு, அது நின்ற இடத்தில் சப்பாணி கட்டி உட்கார்கிறாள். சில்லு அவள் முழங்காலை முட்டிக்கொண்டு நிற்கிறது.

“எழும்பக்கா!” என்று கத்துகிறான்.

மண் அப்பிய முகத்தோடு ஒருத்தி எழுந்து வந்து, ஒன்பதாவது கானை ஒதுக்கிவிட்டு அதன் இடத்தில் உட்கார்கிறாள். றோஸ்மேரி, மெல்ரொனின் பெண்சாதி.

“இஞ்சேருங்கோ,” என்று புருசனைக் கூப்பிடுகிறாள், “அக்காவுக்குப் பிறகு என்ர முறை.”