கோழிக்கு ஒன்றரை முழம்

“ஏண்டா தேவசகாயம், இது கோழிக்கூடா, கோயில் மண்டபமா?”

அனந்தபுரம் பக்கத்துப் பண்ணையின் கணக்குப்பிள்ளை சேரிக்கு வந்து கேட்டதும், தேவசகாயம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“கூடுதாங்க. நாப்பது கோழிக்குப் பெரிய ஐயா உத்தரவு குடுத்தாருங்களே.”

“அதுக்கு இம்மாம் பெருசா?”

“ஒரு கோழிக்கு ஒன்றரை முழம் வேணுங்க. நெருக்கி அடைச்சா ஒண்ணையொண்ணு கொத்திக்கினு கெடக்கும். திண்டிவனத்துல படிச்சிக்கினு இருக்கிற எம் மவ அமலோற்பவந்தான் அளவு எழுதி அனுப்பிச்சா.”

“ஜன்னல் எதுக்குடா?”

“காத்து வரலன்னா சீக்கு வந்துடுங்க.”

“முட்டையில பாதி பண்ணைக்கு, மறந்துடாத!” கணக்குப்பிள்ளை சிரித்துக்கொண்டே போனார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷம் தை பிறந்ததும், முட்டை வாங்கக் கணக்குப்பிள்ளை கூடையோடு வந்தார். வாசலில் தேவசகாயம் நிமிர்ந்து நின்றார். துண்டு தோளில் கிடந்தது.

“கோழிங்க எங்கடா?”

“இப்ப கூவும், கேளுங்க.”

உள்ளிருந்து நாற்பது குரல்கள் ஒன்றாக எழுந்தன: “அ... ஆ...”

கணக்குப்பிள்ளை ஜன்னலில் எட்டிப் பார்த்தார். சேரிப் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றரை முழ இடத்தில் சம்மணம் போட்டு, மடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிரே, படிப்பை முடித்து வந்து வாத்தியாரம்மாவாக நின்றாள் அமலோற்பவம்.

“சேரியில பள்ளிக்கூடம் கட்டக் கூடாதுன்னு பெரிய ஐயா சொன்னாரேடா!”

“கட்டலீங்களே. உத்தரவு வாங்கிக் கூடுதான் கட்டினேன்” என்றார் தேவசகாயம். “நாப்பதும் நல்லா கூவுதுன்னு ஐயாகிட்ட சொல்லுங்க.”