அடி படாத கவசம்

ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்பர்க் நகரில் குளிர் முடிந்து மோட்டார் சைக்கிள்கள் வெளியே வரும் நேரம். ஃபோல்கர், பைக் ஓட்டும்போது அணியும் தன் முதுகுக் கவசத்தைக் கடை மேஜைமேல் வைத்தான்.

"இடுப்புப் பட்டி மட்டும் நீளமா வேணும். நேத்து போட்டுப் பார்த்தேன், எட்டல. குளிர்காலத்துல பெருத்துட்டேன் போல."

"பட்டி வேண்டாம், புதுக் கவசமே கொடுங்க," என்றாள் அவன் மனைவி ஆன்ட்யா.

"அம்மா தாயே, இதுல ஒரு கீறல்கூட இல்ல!"

"கீறலை வச்சு சொல்ல முடியாது," என்றாள் கடைக்காரப் பெண். "பலமா ஒரு தடவை அடி வாங்கிட்டா, அடுத்த அடியை இது தாங்காது. நீங்க எப்பவாவது விழுந்தீங்களா?"

"நானா? இவளையே கேளுங்க!"

"விழல," என்றாள் ஆன்ட்யா. "ஆனாலும் புதுசுதான் வேணும்."

"பின்சீட்ல ஏறவே பயப்படுறவ பேச்சைக் கேட்டு வாங்கணுமா?" ஃபோல்கர் சிரித்தான்.

கடைக்காரப் பெண் பட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "நீங்க பெருத்துப் போகல சார். யாரோ ஒல்லியானவங்க இதை இழுத்துச் சின்னதாக்கியிருக்காங்க."

ஃபோல்கரின் சிரிப்பு நின்றது.

ஆன்ட்யா கோட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றாள்.

"கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் எனக்கும் அளவெடுங்க. ரெண்டு கவசமா கொடுங்க. போன அக்டோபர்ல, இவருக்குத் தெரியாம, ஓட்டுநர் பள்ளியில இதைப் போட்டுட்டு விழுந்தது நான்தான். பைக் லைசன்ஸ் அடுத்த வாரமே வாங்கிட்டேன்."