குதிரை வயிற்றுத் துளை

மலாயாவில், லிங்கித் தோட்டத்துக் கம்பிவேலி வாசலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அங்கமுத்து மண்குதிரையைத் தலையிலிருந்து இறக்கி வைக்கிறார். மகள் காய்ச்சலில் பிழைத்ததற்கு முனியாண்டிக்கு நேர்ந்துகொண்ட குதிரை. கோயிலோ வேலிக்கு அந்தப் பக்கம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று வெள்ளைக்கார சார்ஜெண்ட் ஒவ்வொரு தூக்குச்சட்டியையும் திறந்து பார்க்கிறான். அங்கமுத்துவுக்குத் துணையாக வந்திருக்கிறான் தோட்டக் கணக்கெழுதும் கிராணியின் மகன் நவரத்தினம். சிங்கப்பூரில் வடிவமைப்புப் படிக்கிறவன். மண்வேலையைப் பற்றிப் படிப்புக்கு எழுத வேண்டுமென்று லீவு முழுக்க அவர் வீட்டுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு சூளையடியில் கிடந்தவன். சூளையில் குதிரை வெடிக்காதிருக்க வயிற்றுக்கடியில் விடும் துளையை அவனுக்கு மட்டும்தான் அவர் காட்டினார். சார்ஜெண்ட் குதிரையைத் தட்டுகிறான். நவரத்தினம் முந்திக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, இங்கிலீஷில் பேசுகிறான். அங்கமுத்துவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அவன் விரல் துளைக்கு நேராகப் போய் நிற்பது தெரிகிறது. சார்ஜெண்டின் துப்பாக்கிக் கட்டை குதிரைமேல் இறங்குகிறது. செந்தூள் பறக்கிறது. உள்ளே ஒரு மணி அரிசி இல்லை. “ஜாலான், ஜாலான்!” என்று மலாய்க்காரப் போலீஸ் விரட்டுகிறான். “என்னத்தடா சொன்ன அவன்கிட்ட?” என்று அங்கமுத்து கேட்கிறார். “உள்ளுக்கு வெறுமை, துளை கழுத்து வரைக்கும் போகுது எண்டுதான் சொன்னனான், ஐயா.” “அவன் கேட்டானா ஒன்ன?” நவரத்தினம் குந்தி உட்கார்ந்து, வயிற்றுப் பக்கத்து ஓடு ஒன்றைப் பொறுக்கித் தூசியை ஊதுகிறான். “இவ்வளவு மெல்லிசே!” ஓட்டின் உட்புறத்தில் அங்கமுத்துவின் விரல்கள் பதிந்த தடத்தின் மேல், சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து வைக்கிறான்.