ஒன்பதாம் நம்பர் அறைக்காரர்

"ஒன்பதாம் நம்பர் ரூம்காரர் காலி பண்ணியே ஆகணும் மேடம். அவர் இருக்கிற வரைக்கும் உங்க லாட்ஜுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது."

இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆய்வாளர் இதைச் சொல்லிவிட்டுப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பேனா பைக்குள் போய்விட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். தலைகீழாக நின்றாலும் மனிதர் மாறமாட்டார்.

லாட்ஜ் முதலாளியம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. போன தடவை ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போன குறை ஒவ்வொன்றையும் சரிசெய்து வைத்திருந்தார். மாடிக்கு மாடி தீயணைப்பு சிலிண்டர், அறைக்கு அறை புகை வந்தால் அலறும் மணி, பழைய ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புது ஒயர். தட்டுமுட்டுச் சாமான் அடைந்து கிடந்த பின்பக்கப் படிக்கட்டு பளிச்சென்று இருந்தது. அதன் கதவு உள்ளிருந்து ஒரு தள்ளு தள்ளினாலே திறந்தது. ஆய்வாளர் மனசுக்குள் சபாஷ் போட்டுக்கொண்டேதான் வந்தார், ஒன்பதாம் நம்பர் அறையிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை மூக்கில் ஏறுகிற வரைக்கும்.

கதவைத் தட்டினால், பனியனும் கையில் கரண்டியுமாக ஒரு பெரியவர் நிற்கிறார். உள்ளே கரண்ட் அடுப்பு. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கொடி கட்டித் துணி காய்கிறது. மளிகை டப்பாக்கள் வரிசையாக. போதாததற்கு ஒரு தொட்டிச் செடி வேறு. இரண்டு நாள் தங்க வந்தவன் எவனாவது செடி வளர்ப்பானா?

எவ்வளவு நாளாக இருக்கிறீர்கள் என்று கேட்டார் ஆய்வாளர். மழைக்காலத்துக்கு முன்னாலிருந்தே இருப்பதாகப் பெரியவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். வெளிச் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாதாம், அதனால் அடுப்பாம். சொந்த வீடு இல்லையா என்று கேட்டபோதுதான் அவர் முகம் சுருங்கியது.

"வீடெல்லாம் இருக்கு சார். அங்கே எனக்கு மரியாதைதான் இல்லை."

ஆய்வாளருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மகனும் மருமகளும் சேர்ந்து வெளியே அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது, பாவம். தன்னுடைய அப்பாவுக்கும் ஏறக்குறைய இதே வயசுதான். ஆனால் இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது? மனசைக் கல்லாக்கிக்கொண்டு வரவேற்பு மேஜைக்குத் திரும்பினார்.

முதலாளியம்மா விட்டாரா? அடுப்பைப் பிடுங்கிவிடுகிறேன் என்றார். போதாது என்றார் ஆய்வாளர். மாதத்துக்கு ஒரு அறையாக அவரை மாற்றிக்கொண்டே இருக்கிறேன் என்றார். யாரை ஏமாற்ற அது என்று ஆய்வாளர் கேட்டார். இந்த பாலிசி வந்து தங்கிப் போகிறவர்களுக்கு. ஒருத்தர் குடியே இருக்க ஆரம்பித்தால் சமையல், சாமான், மூட்டை முடிச்சு என்று எல்லாம் கூடவே வந்துவிடும், தீப்பிடித்தால் பக்கத்து அறைக்காரனுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து என்று பொறுமையாக விளக்கினார்.

"இந்த வயசுல அவர் எங்கே சார் போவார்?" முதலாளியம்மா விடாமல் கேட்டார்.

"அதை நான் எப்படி மேடம் சொல்றது? பழைய பாலிசி இன்னியோட முடியுது. இன்ஷூரன்ஸ் இல்லாட்டி லைசென்ஸ் கிடையாது, நாளைக்கு லாட்ஜைப் பூட்ட வேண்டியதுதான். ஒரு ஆளுக்காக இத்தனையும் விட்டுடப் போறீங்களா?"

அந்த அம்மா சாவிகள் தொங்கும் பலகையைப் பார்த்தார். நாலே அறையோடு ஆரம்பித்து, சொந்தக் கையால் படுக்கை விரித்து, கழிவறை கழுவி வளர்த்த இடம். அதைப் பூட்டுவதற்கு அவர் ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று ஒன்பதாம் நம்பருக்கு நடந்தார். என்ன ரகளை ஆகப்போகிறதோ என்று ஆய்வாளரும் பின்னாலேயே போய் வராந்தாவில் நின்றார்.

"சார், ரூமைக் காலி பண்ணுங்க."

"முடியாது மேடம். மாசக் கடைசி வரைக்கும் வாடகை கட்டியிருக்கேன்."

"திருப்பிக் கொடுத்துடறேன்."

"எங்கே போகணும்னு நீங்களே சொல்லுங்க, போறேன்." பெரியவர் முறைப்பாகக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

ஆய்வாளருக்கே சங்கடமாகிவிட்டது, நாம் வராமலேயே இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. கடைசியில் அந்த அம்மா மூச்சை இழுத்துவிட்டார்.

"சரி. நானே கொண்டுபோய் விடறேன். பெட்டியை எடுங்க."

அவ்வளவு நேரம் வீறாப்பாகப் பேசியவர் ஒரு கணம் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் எழுந்து கொடியிலிருந்த துணிகளை அவசர அவசரமாகப் பெட்டிக்குள் திணித்தார். ஏதோ முதியோர் இல்லத்தில் விடப்போகிறார்கள் என்று ஆய்வாளர் நினைத்துக்கொண்டார். நல்லவேளை, தெருவில் விடவில்லையே.

செடித் தொட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு முதலாளியம்மா முன்னால் நடக்க, பெட்டியோடு பெரியவர் பின்தொடர்ந்தார். வாசல் பக்கம் போவார்கள் என்று பார்த்தால், இருவரும் மேலே போகும் படியில் காலை வைத்தார்கள். ஆய்வாளருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மேடம், மேலே உங்க வீடு. அங்கே உங்க குடும்பத்தைத் தவிர வெளியாள் யாரும் தங்கக் கூடாது. அப்புறம் நான் கையெழுத்துப் போடமாட்டேன்!"

முதலாளியம்மா நிற்கக்கூட இல்லை.

"குடும்பம்தான் சார்! கோவிச்சுக்கிட்டுக் கீழே இறங்கி வந்த புருஷனை ‘மேலே வாங்க’ன்னு கூப்பிட மனசு வராம, இத்தனை நாளா வாடகைக்கு வெச்சிருந்தேன்."